ஃபேன்டசி ஃபுட்பாலில் கடைசி ரவுண்ட் ரிசீவர்: இன்னும் நிரூபிக்காத இளைஞர்களை எடைபோடுவது எப்படி?

2019-ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் ஜோ பர்ரோ வீசிய பந்துகளை மூன்று ரிசீவர்கள் (பந்தைப் பிடிப்பவர்கள்) மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜமார் சேஸ் 1,780 யார்ட். ஜஸ்டின் ஜெஃபர்சன் 1,540 யார்ட். டெரஸ் மார்ஷல் 671 யார்ட்தான், ஆனால் 13 டச்டவுன். தேசியப் பட்டமும் அந்த ஆண்டு அவர்களுக்கே. பிறகு மூவரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்கு வந்தார்கள். ரூக்கி ஆண்டில், அதாவது அங்கே முதல் ஆண்டில், ஜெஃபர்சன் 1,400 யார்ட் எடுத்தார், சேஸ் 1,455 எடுத்தார். மார்ஷல் எடுத்தது 138.

வேடிக்கை என்னவென்றால், 2021 ஆகஸ்டில் நிலைமை தலைகீழாக இருந்தது. சேஸ் ப்ரீசீசனில் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில்) கைக்கு வந்த பந்துகளையே நழுவவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை என்எஃப்எல் பந்தில் இல்லை, அதனால் பார்ப்பது சிரமம் என்று சொல்லிக் கேலியும் வாங்கினார். மார்ஷலோ கரோலினாவின் ப்ரீசீசன் ஆட்டங்களில் பிரமாதமாக ஆடினார். சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே சேஸ் 101 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்து அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

ஃபேன்டசி ஃபுட்பாலில் நாம் நிஜ ஆட்டக்காரர்களை டிராஃப்டில் ரவுண்ட் ரவுண்டாக எடுத்து நம் அணியை அமைக்கிறோம், அவர்கள் களத்தில் எடுப்பதே நமக்குப் புள்ளி. சேஸ் உங்களுக்குக் கடைசி ரவுண்டில் கிடைத்திருக்க மாட்டார். மார்ஷல் கிடைத்திருப்பார். இந்த வழிகாட்டி மார்ஷல் போன்றவர்களைப் பற்றியது. 11, 12-வது ரவுண்டுக்கு மேல் பட்டியலில் மிச்சமிருக்கும் இளம் ரிசீவர்களில் யாரை எடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது, எப்போது கழற்றிவிடுவது?

என் கணக்கு இதுதான். அந்த ரவுண்டுகளில் "இவன் நல்ல ஆட்டக்காரனா?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: "இவன் தேறுவானா மாட்டானா என்பது எனக்கு எத்தனை வாரத்தில் தெரியும்?" 14-வது ரவுண்டில் எடுத்தவரைத் தூக்கிப்போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் நவம்பர்வரை பெஞ்சில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், அந்த வாரங்களில் வேவரில் (யாரும் எடுக்காமல் மிச்சமிருப்பவர்களின் பட்டியலில்) வந்துபோன எல்லோரையும் நீங்கள் இழந்திருப்பீர்கள். நானே ஒரு ரூக்கியை 11 வாரம் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். கல்லூரியில் அவர் ஆடிய வீடியோக்களைப் பார்த்து மயங்கியதுதான் காரணம். பெயர் வேண்டாம்.

முதல் படி: உங்கள் லீக்கைப் பாருங்கள்

12 அணி, 15 ரவுண்ட் என்றால் மொத்தம் 180 பேர் போய்விடுவார்கள். 10 அணி என்றால் 150. இந்த 30 பேர் வித்தியாசம் பெரிது. 10 அணி லீக்கில் வேவரிலேயே நல்ல ஆள் கிடைப்பார், அதனால் கடைசி ரவுண்டில் இன்னும் துணிந்து இறங்கலாம். பெஞ்ச் இடம் நான்குதான் என்றால் ஒரே ஒரு இளைஞர் போதும். ஆறு, ஏழு என்றால் இரண்டு மூன்று பேர்.

ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆர் லீக்கா, அரைப் புள்ளியா, ஒன்றுமே இல்லையா என்பதையும் பாருங்கள். 5 கேட்ச், 60 யார்ட் எடுத்தவருக்கு பிபிஆரில் 11 புள்ளி, கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக்கில் 6. ஸ்லாட்டில், அதாவது களத்தின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, நின்று குட்டிக் குட்டியாகப் பிடிப்பவர் முதல் வகை லீக்குக்கு நல்லவர். நீளமாக ஓடி வாரத்துக்கு இரண்டே பந்து பிடிப்பவர் இரண்டாவது வகையில் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது படி: அணி அவருக்கு என்ன விலை கொடுத்தது?

நிஜ அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்ட் 7 ரவுண்ட். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 30 ரிசீவர்கள் எடுக்கப்படுகிறார்கள். முதல் ரவுண்டில் எடுத்தவரை அணி எளிதில் கைவிடாது. பொது மேலாளரின் மானம் அதில் இருக்கிறது. ஐந்தாவது ரவுண்டில் வந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"பூக்கா நக்கூவா ஐந்தாவது ரவுண்ட்தானே?" என்று உடனே யாராவது கேட்பார்கள். ஆமாம், 2023-ல் 177-வது தேர்வு. டைரீக் ஹில் 2016-ல் 165-வது. ஸ்டெஃபான் டிக்ஸ் 2015-ல் 146-வது. அன்டோனியோ பிரவுன் 2010-ல் ஆறாவது ரவுண்ட், 195-வது. இந்தப் பெயர்கள் நமக்கு நினைவிருப்பதற்கு அவர்கள் விதிவிலக்கு என்பதே காரணம். அதே ரவுண்டுகளில் எடுக்கப்பட்டு இரண்டே ஆண்டில் காணாமல்போன பட்டியல் இதைவிடப் பல மடங்கு நீளம், அதை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை.

அதே சமயம் பெரிய விலையும் உத்தரவாதம் இல்லை. லக்வான் ட்ரெட்வெல் 2016-ல் 23-வது தேர்வு, ரூக்கி ஆண்டில் ஒரே ஒரு கேட்ச், 15 யார்ட். ஆகவே நான் விலையை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துகிறேன்: எத்தனை வாரம் பொறுப்பது என்று முடிவு செய்ய. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு தள்ளுபடிக் கடையும் இருக்கிறது. ஃபேன்டசி டிராஃப்டில் ரூக்கிகளுக்கு ஆகஸ்டில் விலை ஏறும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு ஆட்டக்காரர்கள்மேல் எல்லோருக்கும் சலிப்பு வந்திருக்கும். நீக்கோ காலின்ஸ் முதல் இரண்டு ஆண்டுகளில் 446, 481 யார்ட் எடுத்தார். 2023-ல், மூன்றாவது ஆண்டில், 1,297 யார்ட், 8 டச்டவுன். டவான்டே ஆடம்ஸும் இப்படித்தான்: 446, 483, அதன்பின் 2016-ல் 997 யார்டும் 12 டச்டவுனும். ஜேமிசன் வில்லியம்ஸ் 2022-ல் 12-வது தேர்வு. முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் வந்து ரூக்கி ஆண்டில் ஒரே கேட்ச். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தடை. 2024-ல் 1,001 யார்ட். ஒரே நிலையில் ஒரு ரூக்கியும் ஒரு மூன்றாம் ஆண்டுக்காரரும் மிச்சமிருந்தால், என் கை பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம்தான் போகும்.

மூன்றாவது படி: காலி நாற்காலி உண்மையிலேயே காலியா?

பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். "அந்தப் பெரிய ஆள் போய்விட்டார், அவருக்குப் போன 150 பந்துகளும் இனி இந்தப் பையனுக்கு" என்று கணக்குப் போடுவார்கள்.

2022 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பியது. அடுத்த மாதமே 54-வது தேர்வாக ஸ்கை மூரை எடுத்தது. பேட்ரிக் மஹோம்ஸ் வீசுகிறார், ஹில்லின் இடம் காலி, ஆகவே மூர்! அப்படித்தான் எல்லோரும் பேசினார்கள். நடந்தது வேறு. டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) டிராவிஸ் கெல்சி 110 கேட்ச், 1,338 யார்ட். புதிதாக வந்த ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் 78 கேட்ச், 933 யார்ட். மூர் 22 கேட்ச், 250 யார்ட். அடுத்த ஆண்டு ஜூஜூவும் போனார், மறுபடி "இடம் காலி" என்றார்கள். மூர் 244 யார்ட்.

இதன் பக்கத்தில் 2024 சார்ஜர்ஸ் அணியை வையுங்கள். கீனன் ஆலன் சிகாகோவுக்குப் போனார், மைக் வில்லியம்ஸை அணியே விடுவித்தது. அந்த இடத்துக்காகச் சார்ஜர்ஸ் டிராஃப்டில் மேலே நகர்ந்துபோய் 34-வது தேர்வாக லாட் மெக்கான்கியை எடுத்தது. ரூக்கி ஆண்டில் அவர் 82 கேட்ச், 1,149 யார்ட், 7 டச்டவுன்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கன்சாஸ் சிட்டி காலியான இடத்துக்கு அனுபவசாலிகளையும் கூடவே அழைத்து வந்தது, ஏற்கெனவே கெல்சி வேறு அங்கே இருந்தார். சார்ஜர்ஸ் அந்த அளவுக்கு யாரையும் கொண்டுவரவில்லை. ஆகவே காலியிடத்தைப் பார்த்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள். மார்ச்சிலிருந்து அணி வேறு யாருக்காவது சம்பளம் கொடுத்து அழைத்து வந்ததா? பந்துகளை அள்ளிக்கொள்ளும் டைட் எண்ட் இருக்கிறாரா? பயிற்சியாளர் மூன்று ரிசீவர்களை நிறுத்தி ஆடுகிறவரா, இரண்டு டைட் எண்ட் வைத்து ஆடுகிறவரா? இரண்டு டைட் எண்ட் ஆட்டத்தை விரும்பும் அணியில் மூன்றாவது ரிசீவர் என்பவர் பாதி நேரம் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் நிற்பவர்.

நான்காவது படி: ரூட் கணக்கு

உட்கார்ந்து ஒருமுறை போட்டுப்பார்த்தால் இது மனதில் பதிந்துவிடும். ஓர் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) 35 முறை வீசப் பின்வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஆள் அதில் 85 சதவீதம் களத்தில் இருந்து ரூட் (பந்து பிடிக்க ஓடும் ஓட்டம்) ஓடுகிறார்: ஏறக்குறைய 30 ரூட். ஓடும் ரூட்டுகளில் 20 சதவீதத்தில் அவரை நோக்கிப் பந்து வருகிறது: 6 டார்கெட். அதில் 4 பிடிக்கிறார். கேட்சுக்கு 12 யார்ட் என்றால் 48 யார்ட். பிபிஆரில் 8.8 புள்ளி, டச்டவுன் இல்லாமலேயே. உங்கள் வழக்கமான ஆளின் அணிக்கு ஆட்டமில்லாத வாரத்தில் (பை வீக்) இறக்கிவிடலாம்.

இப்போது இன்னொருவர். திறமைசாலி, 25 சதவீத ரூட்டுகளில் பந்தை வரவழைக்கிறார். ஆனால் களத்தில் இருப்பது 40 சதவீதம்தான். 14 ரூட், மூன்று அல்லது நான்கு டார்கெட், இரண்டு கேட்ச், 24 யார்ட். 4.4 புள்ளி. திறமை அதிகம், புள்ளி பாதி.

முதலாமவர் இன்றைக்கு உதவுவார். இரண்டாமவரைத்தான் நான் எடுப்பேன், அவருக்கு முன்னால் நிற்பவரின் இடம் ஆட்டம் காண்கிறது என்றால். ரூட்டுக்கு இத்தனை டார்கெட் என்ற விகிதம் ஆட்டக்காரரின் கையில் இருப்பது. ரூட் எண்ணிக்கை பயிற்சியாளர் கொடுப்பது, அது ஒரே வாரத்தில் 40-லிருந்து 85-க்குத் தாவலாம். விகிதம் அப்படித் தாவாது. போன ஆண்டு குறைவான ரூட்டில் 20 சதவீதத்துக்கு மேல் பந்தை வரவழைத்த இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரர் மிச்சமிருந்தால் அங்கே ஒரு குறி போட்டு வையுங்கள். ரூட்டுக்கு எத்தனை யார்ட் என்ற எண்ணும் இதே வேலையைச் செய்யும். 2.0-ஐத் தொட்டால் நல்ல ஆள். ஆனால் மொத்தமே 60, 70 ரூட் ஓடியவருக்கு இந்த எண்களை நம்பாதீர்கள். ஒரு 70 யார்ட் டச்டவுன் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

கல்லூரிக் கணக்கு

கல்லூரியில் மொத்த யார்டைவிட இரண்டு விஷயம் முக்கியம்: அணியின் பாசிங்கில் அவருடைய பங்கு, அதைச் சாதித்த வயது. 19 வயதில் தன்னைவிட மூத்தவர்களுக்கு நடுவே அணியின் முதல் ரிசீவராக இருந்தவர் வேறு, 23 வயதில் ஐந்தாவது ஆண்டில் பொங்கியெழுந்தவர் வேறு. சேஸ் அந்த 1,780 யார்டை எடுத்தபோது வயது 19.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடினார், 9-வது தேர்வாகப் போனார், ரூக்கி ஆண்டில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே டிராஃப்டில் 4.62 வினாடியில் ஓடிய கூப்பர் கப் 69-வது தேர்வு. 2021-ல் அவர் 145 கேட்ச், 1,947 யார்ட், 16 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கின் முதலிடம். ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து ஆள் எடுப்பதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது.

ஐந்தாவது படி: யார் வீசுகிறார்?

நீக்கோ காலின்ஸ் திடீரென்று வளர்ந்துவிடவில்லை. 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்தார், 4,108 யார்ட் வீசினார். பிராண்டின் குக்ஸ் டல்லஸுக்குப் போனதும் அதே ஆண்டுதான். அந்த அணியில் மூன்றாவது ரவுண்ட் ரூக்கி டேங்க் டெல்லும் 11 ஆட்டத்தில் 709 யார்ட், 7 டச்டவுன் எடுத்தார். குவார்ட்டர்பேக் மாறிய அணியில் விலை குறைந்த ரிசீவர் இருந்தால் அவரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். புதியவர் மோசமாக ஆடினால் மூன்றே வாரத்தில் தெரிந்துவிடும், கழற்றிவிடலாம்.

ஆறாவது படி: ஆகஸ்ட் செய்திகளைப் படிப்பது

"அவன் ரொம்ப உழைக்கிறான்", "பிரமாதமான முகாம்" என்பதெல்லாம் எல்லாப் பயிற்சியாளர்களும் எல்லோரைப் பற்றியும் சொல்வது. விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது, முதல் குவார்ட்டர்பேக் களத்தில் இருக்கும்போது இவரும் இருக்கிறாரா என்பது. ப்ரீசீசன் ஆட்டத்தில் முதல் அணியோடு சேர்த்து இவரையும் உட்காரவைத்தால் அது பெரிய நல்ல செய்தி. மாறாக, நான்காவது குவார்ட்டரில் மூன்றாவது குவார்ட்டர்பேக்கிடமிருந்து 80 யார்ட் பிடித்தார் என்றால், முதல் மூன்று பேரில் அவர் இல்லை என்று அர்த்தம்.

2022-ல் கிரீன் பே முகாமில் பேச்செல்லாம் நான்காவது ரவுண்ட் ரூக்கி ரோமியோ டோப்ஸ் பற்றி. 34-வது தேர்வான கிறிஸ்டியன் வாட்சன் முழங்கால் சிகிச்சையால் முகாமின் தொடக்கத்தையே தவறவிட்டார். சீசனின் முதல் பந்திலேயே உறுதியான நீண்ட டச்டவுன் ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டார். டோப்ஸ் 425 யார்டில் ஆண்டை முடித்தார். வாட்சன் 10 முதல் 13-வது வாரம்வரை நான்கே ஆட்டத்தில் 8 டச்டவுன் அடித்தார்.

"அப்படியென்றால் வாட்சனை ஒன்பது வாரம் பொறுத்திருக்க வேண்டுமா?" இல்லை. டிராஃப்டில் எடுத்துக் கழற்றிவிட்டவர் செய்தது சரியே. டல்லஸுக்கு எதிராக அவர் 3 டச்டவுன் அடித்த ஆட்டத்துக்கு மறுநாள் வேவரில் பணத்தை இறக்காமல் இருந்ததுதான் தப்பு. கழற்றிவிட்டவரை மறுபடி எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்த விளையாட்டில் நிறையப் பேர்.

ஏழாவது படி: டிராஃப்ட் மேஜையில்

டிராஃப்டை முடிந்தவரை தாமதமாக வைக்கச் சொல்லி லீக் கமிஷனரை நச்சரியுங்கள். 2023-ல் கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டம் ஆடமாட்டார் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்தான் உறுதியானது. ஆகஸ்ட் நடுவில் டிராஃப்ட் முடித்தவர்களின் பட்டியலில், அதே அணியில் இருந்த நக்கூவாவின் பெயரே இல்லை.

12-வது ரவுண்டுக்குப் பின் வாரத்துக்கு 40 யார்ட் எடுக்கும் 31 வயது ரிசீவரைப் "பத்திரமானவர்" என்று எடுக்காதீர்கள். அவருக்கு நிகரான ஆள் எல்லா வாரமும் வேவரில் இருப்பார். ஒரே அணியின் இரண்டு இளம் ரிசீவர்களை எடுப்பதும் வீண், ஒருவர் தேறினால் மற்றவர் தேறமாட்டார். பை வீக்கையெல்லாம் பார்க்கவே வேண்டாம். அதுவரை இவர் உங்களிடம் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

எட்டாவது படி: முதல் நான்கு வாரம்

ஞாயிறு இரவு புள்ளியைப் பார்க்காதீர்கள். திங்கள்கிழமை ஸ்னாப் (களத்தில் இருந்த தடவைகள்), ரூட், டார்கெட் எண்களைப் பாருங்கள். ஸ்னாப் எண்ணிக்கை இலவசமாகவே கிடைக்கும். ரூட் எண்ணிக்கைக்குச் சில இடங்களில் பணம் கட்ட வேண்டும்.

ரூட் அதிகம், டார்கெட் குறைவு என்றால் இன்னொரு வாரம் பொறுக்கலாம். ரூட் குறைவு, ஒரே கேட்சில் 60 யார்ட் டச்டவுன் என்றால் அது கானல்நீர். யாராவது பரிமாற்றம் கேட்டால் உடனே கொடுங்கள். இரண்டுமே குறைவு என்றால் செவ்வாய்க்கிழமை விடை கொடுங்கள். இரண்டுமே அதிகம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு நக்கூவாதான் உதாரணம்: முதல் ஆட்டத்தில் 15 டார்கெட், 10 கேட்ச், 119 யார்ட். இரண்டாவதில் 20 டார்கெட், 15 கேட்ச், 147 யார்ட். கப் திரும்பி வந்தபோது அவரை யாராலும் நகர்த்த முடியவில்லை. 105 கேட்ச், 1,486 யார்ட் என்று இரண்டு ரூக்கி சாதனைகளோடு ஆண்டை முடித்தார்.

பொறுமையின் அளவு அணி கொடுத்த விலையைப் பொறுத்தது என்று முன்பே சொன்னேன். முதல் ரவுண்ட் ஆள் என்றால் நான்கு வாரம் கொடுப்பேன். இரண்டு, மூன்றாவது ரவுண்ட் என்றால் மூன்று. அதற்கும் கீழே என்றால் இரண்டு. ஜெஃபர்சன் 22-வது தேர்வு. 2020-ல் முதல் இரண்டு வாரத்தில் 26, 44 யார்ட்தான், தொடக்க வரிசையில் பிஸி ஜான்சன் அவருக்கு முன்னால் இருந்தார். மூன்றாவது வாரம் டென்னஸிக்கு எதிராக 175 யார்ட். இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டவர்கள் இன்றும் அதைப் பேசிப் புலம்புகிறார்கள்.

அப்புறம், நவம்பரில் ஒருமுறை

இந்த வேலை அக்டோபரில் முடிவதில்லை. அமான்-ரா செயின்ட் பிரவுன் 2021-ல் 112-வது தேர்வு. முதல் 11 ஆட்டங்களில் 352 யார்ட், டச்டவுன் பூஜ்யம். அவரை வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. டிசம்பரில் டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கன்சன் காயத்தில் போனார். கடைசி 6 ஆட்டங்களில் செயின்ட் பிரவுன் 51 கேட்ச், 560 யார்ட், 5 டச்டவுன். டாம்பா பேயில் 2024-ல் கிறிஸ் காட்வின் கணுக்கால் காயத்தால் சீசனையே இழந்தார். அங்கே 92-வது தேர்வான ஜேலன் மெக்மில்லன் அந்த ஆண்டு அடித்த 8 டச்டவுனில் 7 கடைசி 5 ஆட்டங்களில் வந்தவை.

ஃபேன்டசி பிளேஆஃப் பெரும்பாலான லீக்குகளில் 15 முதல் 17-வது வாரம்வரை. அதனால் 12-வது வாரம் முடிந்ததும் ஆகஸ்டில் குறித்து வைத்த அதே பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்றவர் இப்போது நலமா, காயமா என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலை. அந்த நேரத்தில் உங்கள் லீக்கில் பாதிப் பேர் அணியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.